பழைய ஆர்பிஜி, புது மெஷின்: இது யார் தலையில விடியுது?

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கறவங்க ராத்திரி சாவகாசமா வந்து படிங்க. கேம் பக்கமே தலை வெச்சுப் படுக்காதவங்களும் படிக்கலாம், ஏன்னா விஷயம் கேமைத் தாண்டியும் போகுது.

முதல்லயே என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். ஒரு பழைய கம்ப்யூட்டர் கேமை இன்னிக்கு மெஷின்ல ஒழுங்கா ஓட வைக்கற பொறுப்பு, அதை வித்துக் காசு பார்த்த கம்பெனிக்குத்தான். ஆனா இருபது வருஷத்துக்கும் மேல அந்த வேலையைச் சம்பளம் வாங்காத ரசிகர்கள்தான் பார்த்துட்டு இருக்காங்க. கம்பெனியால முடியலைன்னா, எஞ்சினோட சோர்ஸ் கோடையாவது திறந்து விட்டுட்டு ஒதுங்கி நிக்கணும். அவ்ளோதான் மேட்டர். ஏன் இப்படிச் சொல்றேன்னு வரிசையா பார்ப்போம்.

ஆர்பிஜின்னா தெரியாதவங்களுக்கு ஒரு வரி: நீங்க ஒரு பாத்திரமா மாறி, ஊர் ஊரா சுத்தி, கண்டவங்ககிட்ட பேசி, சண்டை போட்டு, எடுக்கற முடிவுக்கு ஏத்த மாதிரி கதை நகர்ற கேம். அரை மணி நேரம் ஆடிட்டுத் தூக்கிப் போடற சமாச்சாரம் இல்லை. முடிக்க 60 மணி, 100 மணின்னு ஆகும். 1999-ல வந்த ப்ளேன்ஸ்கேப்: டார்மெண்ட்ல சுமார் 8 லட்சம் வார்த்தை இருக்கும்னு சொல்லுவாங்க. நம்ம ஊர் பெரிய நாவல்களோட பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். வித்தியாசம் என்னன்னா, 1950-ல அச்சடிச்ச நாவலை இன்னிக்கும் தூசி தட்டிப் பிரிச்சா படிக்கலாம். 1999-ல வாங்கின சிடியை இன்னிக்கு மெஷின்ல போட்டா ஓடும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க.

வேகமா இருந்தா என்னய்யா கெட்டுப்போகுது?

நல்ல கேள்வி. பழைய வண்டியில புது எஞ்சின் மாட்டினா பறக்கணும்தானே? கேம்ல அப்படி நடக்காது. அதுக்கு வர்ற நோய்கள் நாலு வகை.

முதல் நோய், கடிகாரம். அந்தக் காலத்துல பல கேம்கள் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடலை. ப்ராசஸர் எவ்வளவு வேகமா சுத்துதோ அதுதான் கேமோட வேகம். 386, 486 பெட்டிகள்ல முன்னாடி ஒரு டர்போ பட்டன் இருக்குமே, ஞாபகம் இருக்கா? பேர்தான் டர்போ. அதோட நிஜமான உபயோகம், பழைய புரோகிராமுக்காக மெஷினை மெதுவாக்கறது. ஊமைப் படக் காலத்து ஃபிலிமை இன்னிக்குப் ப்ரொஜெக்டர்ல ஓட்டினா ஆளுங்க எல்லாம் குதிச்சுக் குதிச்சு நடப்பாங்களே, அதே கதைதான். 1992-ல வந்த அல்டிமா 7 வேகமான மெஷின்ல கண்ணுக்குச் சிக்காம ஓடும். மெதுவாக்கறதுக்குன்னே மோஸ்லோ மாதிரி தனி புரோகிராம் போட்டு ஓட்டினாங்க.

இது டாஸ் காலத்தோட முடிஞ்சதுன்னு நினைச்சா அதுவும் இல்லை. 1998-ல வந்த ஃபால்அவுட் 2-ஐ எடுத்துக்கோங்க. உலக வரைபடத்துல நீங்க நகர்ற வேகம் ப்ராசஸரைப் பொறுத்தது. ஆனா வழியில கொள்ளைக்காரன் எதிர்ப்படறதா வேண்டாமான்னு பார்க்கற சோதனை நிஜ நேரத்தைப் பொறுத்தது. ஒரு சோதனைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒன்றரை நொடியாவது ஆகணும். விளைவு? வேகமான மெஷின்ல பாலைவனத்தை ஒரே மூச்சுல கடந்துடுவீங்க, எதிர்ப்படற ஆபத்தும் குறைஞ்சுடும். கேம் க்ராஷ் ஆகலை, எரர் வரலை. ஆனா நீங்க ஆடறது, எழுதினவன் எழுதின கேம் இல்லை. எனக்கு இந்த வகை நோய்தான் பயம். உடைஞ்சா தெரிஞ்சுடும். சத்தமில்லாம மாறினா தெரியவே தெரியாது.

2003-ல வந்த ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் த ஓல்ட் ரிபப்ளிக்ல சண்டை முடிஞ்சதும் நம்ம ஆள் ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுவார். நொடிக்கு 60 ஃப்ரேமுக்குள்ள கட்டிப் போட்டா மறுபடி நடப்பார். 2011-ல வந்த ஸ்கைரிம்ல கூட இயற்பியல் கணக்கு ஃப்ரேம் வேகத்தோட கோர்த்துக் கிடக்கு. அதிக ஃப்ரேம்ல ஆரம்பக் காட்சி மாட்டு வண்டி... மன்னிக்கணும், குதிரை வண்டி ஆகாசத்துல பல்டி அடிக்கும் :-)

ரெண்டாவது நோய், நினைவகம். 32 பிட் பெட்டியில ஒரு எண்ணை வெச்சா, குறி சேர்த்துக் கணக்குப் போட்டா, அதிகபட்சம் 2,147,483,647 வரைக்கும்தான் கொள்ளும். அதைத் தாண்டினா எண் மைனஸ்ல போயிடும். பழைய இன்ஸ்டாலர் பெரிய ஹார்ட் டிஸ்கைப் பார்த்துட்டு "இடம் போதலை"ன்னு அழறதுக்குக் காரணம் இதுதான். 2004-ல வந்த வேம்பயர்: த மாஸ்கரேட் - ப்ளட்லைன்ஸ், ரேம் ரொம்ப அதிகமா இருக்கற மெஷின்ல "ரேம் ரொம்பக் கம்மி"ன்னு சொல்லி ஆரம்பிக்கவே மறுக்கும். கோடீஸ்வரனைப் பார்த்துக் கடன் தர முடியாதுன்னு சொல்ற பேங்க் மாதிரி.

மூணாவது, படம் வரையற முறை. அன்னிக்கு 256 நிறத்துக்கு ஒரு அட்டவணை வெச்சு வரைஞ்சாங்க. விண்டோஸ் 7 மாதிரி பிறகு வந்ததுல, அந்த அட்டவணையை டெஸ்க்டாப் எடுத்துக் கலைச்சுடும். புல்வெளி ஊதாவாகும், ஆள் முகம் பச்சையாகும். அப்புறம் 640-க்கு 480-ன்னு வரைஞ்ச பால்டர்ஸ் கேட்டை அப்படியே இன்னிக்குத் திரையில விரிச்சா ஆள் எல்லாம் குண்டாகிடுவாங்க. திரைக்கு ஏத்த மாதிரி காட்சியை அகலமாக்கினா எறும்பாகிடுவாங்க.

நாலாவது நோய்தான் என்னைக் கடுப்பேத்தறது. பூட்டு. மத்த மூணும் காலத்தோட கோளாறு. இது கம்பெனி தெரிஞ்சே போட்டது. நகல் எடுக்கக் கூடாதுன்னு சேஃப்டிஸ்க் மாதிரி பூட்டு போட்டு வித்தாங்க. அந்தப் பூட்டு விண்டோஸுக்குள்ள ஆழமா உட்கார்ற ஒரு டிரைவரை நம்பி இருந்துச்சு. அந்த டிரைவர்ல பாதுகாப்பு ஓட்டை. 2015-ல விண்டோஸ் 10 வந்தப்போ மைக்ரோசாஃப்ட் அதைத் தூக்கிட்டாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல பழைய விண்டோஸ்லயும் ஒரு அப்டேட் மூலமா முடக்கினாங்க. பாதுகாப்புக் கோணத்துல அது சரிதான், அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா பலனைப் பாருங்க: காசு கொடுத்து ஒரிஜினல் டிஸ்க் வாங்கினவன் கையில இருக்கறது வட்டமான கண்ணாடி. பூட்டை உடைச்ச திருட்டுக் காப்பி வெச்சிருக்கறவன் ஜாலியா ஆடறான். நேர்மையா இருந்தவனுக்குக் கிடைச்ச பரிசு இது.

வைத்தியம் பார்த்தது யாரு?

வைத்தியத்துல மூணு வழி இருக்கு.

ஒண்ணு, பழைய வீட்டையே கட்டிக் கொடுக்கறது. டாஸ்பாக்ஸ் செய்யறது இது. புது மெஷினுக்குள்ள பொய்யா ஒரு பழைய மெஷின், அதோட ப்ராசஸர் வேகம், சவுண்ட் கார்டு எல்லாத்தோடயும். அல்டிமா 7 நினைவகத்தைக் கையாள்றதுக்குத் தனக்குன்னு ஒரு குறுக்கு வழி வெச்சிருந்துச்சு. அன்னிக்கே மத்த நினைவக மேனேஜர்களோட ஒத்துப்போகாது, அதுக்குன்னு தனி பூட் டிஸ்க் போட்டுத்தான் ஆடணும். டாஸ்பாக்ஸ் வந்த பிறகு அந்தத் தலைவலி போச்சு.

ரெண்டு, நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்கறது. கேம் பழைய டைரக்ட்எக்ஸ்ல பேசும், டிஜிவூடூ மாதிரி ஒரு சின்ன புரோகிராம் அதைப் புது டைரக்ட்எக்ஸா மாத்தி கிராஃபிக்ஸ் கார்டு கிட்ட சொல்லும். லினக்ஸ் பக்கம் வைன், அதுக்கு மேல டிஎக்ஸ்விகே. பல பழைய விண்டோஸ் கேம்கள் விண்டோஸை விட லினக்ஸ்ல சமர்த்தா ஓடற கூத்து இதனாலதான்.

மூணு, எஞ்சினையே முதல்லேர்ந்து எழுதறது. அல்டிமா 7-க்கு எக்ஸல்ட், பால்டர்ஸ் கேட் வகையறாவுக்கு ஜெம்ஆர்பி, 2002-ல வந்த மாரோவிண்டுக்கு ஓப்பன்எம்டபிள்யூ, 1996-ல வந்த டாகர்ஃபாலுக்கு டாகர்ஃபால் யூனிட்டி, ஃபால்அவுட் 2-க்கு 2022-ல வந்த கம்யூனிட்டி எடிஷன். ஓப்பன்எம்டபிள்யூ 2008-ல ஆரம்பிச்சது, இன்னும் வேலை நடக்குது. யோசிச்சுப் பாருங்க, கேமை எழுத ஆன வருஷத்தை விட, அதை மறுபடி எழுத ஆன வருஷம் அதிகம்.

ப்ளட்லைன்ஸ் கதை இன்னும் உருக்கம். 2004 நவம்பர் 16, ஹாஃப் லைஃப் 2 வெளியான அதே நாள்ல வெளிவந்து சந்தையில நசுங்கிப் போச்சு. எழுதின ட்ராய்கா கம்பெனி 2005-ல மூடியாச்சு. ஓட்டை உடைசலோட நின்ன கேமை, ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர் கையில எடுத்து, இருபது வருஷமா பேட்ச் மேல பேட்ச்சா போட்டுட்டு இருக்கார். மேல சொன்ன ரேம் பிரச்சினையையும் தீர்த்தது அந்த பேட்ச்தான். இன்னிக்கு அந்த கேமை விக்கறவங்க காசு பார்க்க முடியுதுன்னா, அது இவரு போட்ட அஸ்திவாரத்து மேல.

கம்பெனிங்க ஒண்ணுமே பண்ணலைன்னு சொன்னா அது பொய். பெதஸ்டா 2009-ல டாகர்ஃபாலை இலவசமாவே கொடுத்தாங்க. 2008-ல ஆரம்பிச்ச ஜிஓஜி, பூட்டு இல்லாம, ஓடற நிலையில பழைய கேமை விக்கலாம், அதுல லாபமும் வரும்னு காட்டுச்சு. 2024 நவம்பர்ல பழைய கேம்களைத் தொடர்ந்து பராமரிப்போம்னு தனித் திட்டமே அறிவிச்சாங்க. ஆனா மொத்தக் கணக்கைப் பார்த்தா இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2023-ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வுப்படி, அமெரிக்காவுல 2010-க்கு முன்னாடி வெளிவந்த கேம்கள்ல 87 சதவீதம் இன்னிக்கு எந்தக் கடையிலயும் முறையா வாங்கக் கிடைக்கறது இல்லை.

"ரீமாஸ்டர் வாங்கிக்கோ, வேலை முடிஞ்சது"

இப்படிச் சொல்ற நண்பர்கள் இருக்காங்க. வாங்கலாம், தப்பில்லை. பால்டர்ஸ் கேட்டோட மேம்படுத்தின பதிப்பு 2012-ல வந்துச்சு, டார்மெண்டோடது 2017-ல. ரெண்டும் புது மெஷின்ல வழுக்கிட்டுப் போகுது. ஆனா ரீமாஸ்டர் வரணும்னா சோர்ஸ் கோடு பத்திரமா இருக்கணும். 2002-ல வந்த ஐஸ்விண்ட் டேல் 2-க்கு மேம்படுத்தின பதிப்பு ஏன் வரலை தெரியுமா? சோர்ஸ் கோடு தொலைஞ்சு போச்சு. தேடித் தேடிப் பார்த்துக் கிடைக்கலைன்னு பீம்டாக் கம்பெனியே சொல்லிட்டாங்க. பல லட்சம் டாலர் கொட்டி எடுத்த ஒரு படைப்பு, வெளிவந்து இருபது வருஷம் ஆறதுக்குள்ள மூலப்பிரதி காணோம். நம்ம ஊர்ல பழைய படத்தோட நெகட்டிவ் அழிஞ்சு போச்சுன்னு அடிச்சுக்கறோமே, அதே அலட்சியம்தான் அங்கயும். கடைசியில அந்த கேமுக்கும் ரசிகர்கள்தான் 2023-ல தாங்களே ஒரு மேம்படுத்தின பதிப்பை மாடா கொண்டுவந்தாங்க.

அதோட ரீமாஸ்டர்ங்கறது வேற ஒருத்தரோட ருசியும் சேர்ந்த சமையல். புதுப் படம், புது வசனம், புதுப் பாத்திரம்னு சேர்ப்பாங்க. சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. மெருகு வேற, மாத்தறது வேற. இந்த விஷயத்துல ப்ளட்லைன்ஸ் பேட்ச்காரர் காட்டின வழி எனக்குப் பிடிச்சிருக்கு. அதுல ரெண்டு வகை இருக்கு. அடிப்படை வகை கோளாறை மட்டும் சரி பண்ணும். ப்ளஸ் வகை, வெட்டிப் போட்ட பகுதிகளைத் திரும்பக் கொண்டு வந்து மாத்தங்களும் செய்யும். எது வேணும்னு ஆடறவன் முடிவு பண்ணிக்கலாம். ஒரு தனி மனுஷனுக்கு இருக்கற இந்த நாணயம், பெரிய கம்பெனிகளுக்கும் இருந்தா என்ன?

சோர்ஸைத் திறந்தா கம்பெனிக்கு நஷ்டமா?

இல்லைன்னுதான் நான் சொல்றேன். இதுக்கு ஆதாரம் ரொம்ப நாளா கண்ணு முன்னாடி இருக்கு. ஐடி சாஃப்ட்வேர் 1997-ல டூம் சோர்ஸைத் திறந்தாங்க, 1999-ல க்வேக். கோடுதான் திறந்தாங்க. படம், பாட்டு, மேப் எல்லாம் அவங்க சொத்தாவே இருந்துச்சு. அதனால இன்னிக்கும் டூமை விக்கறாங்க, ஜனங்க வாங்கறாங்க.

ஆர்பிஜி பக்கம் வந்தா, 2002-ல வந்த ஆர்க்ஸ் ஃபடாலிஸ். அர்கேன் கம்பெனி 2011-ல அதோட சோர்ஸைத் திறந்தாங்க. ரசிகர்கள் அதை எடுத்து ஆர்க்ஸ் லிபர்டாட்டிஸ்னு விண்டோஸ், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓட வெச்சாங்க. ஆனா ஆடணும்னா ஒரிஜினல் கேமோட ஃபைல்கள் வேணும். அதை வாங்கித்தான் ஆகணும். எக்ஸல்ட், ஜெம்ஆர்பி, ஓப்பன்எம்டபிள்யூ எல்லாத்துலயும் இதே விதிதான். அதாவது ரசிகன் உழைச்சா கம்பெனிக்கு விற்பனை. செலவு சைபர். இதை விட லாபகரமான ஏற்பாடு என்ன இருக்கு?

எதிர்த்தரப்புலயும் நியாயம் இருக்கு, மறைக்கக் கூடாது. கேமுக்குள்ள சவுண்டுக்கு, வீடியோவுக்குன்னு வேற கம்பெனியோட கோடு வாடகைக்கு வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் திறக்க இவங்களுக்கு உரிமை கிடையாது. சரி, அந்தப் பகுதியை வெட்டிட்டு மிச்சத்தைத் திறங்க. டூமைத் திறந்தப்போ சவுண்ட் பகுதிக்கு அப்படித்தான் பண்ணாங்க. கம்பெனி திவாலாகி, உரிமை நாலு கை மாறி யார்கிட்ட இருக்குன்னே தெரியாத கேம்களும் உண்டு. அதுக்குச் சட்டம்தான் வழி செய்யணும். 2024-ல ஆரம்பிச்ச ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், கம்பெனி சர்வரை அணைச்சா கேமே செத்துப் போறதை எதிர்த்து ஐரோப்பாவுல 10 லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கினாங்க. அது ஆன்லைன் கேம் சண்டைதான். ஆனா அடிப்படைக் கேள்வி ஒண்ணுதான்: காசு கொடுத்து வாங்கினது என் பொருளா, இல்லை நீ இஷ்டப்படற வரைக்கும் இரவலா?

சும்மா புலம்பினா போதாதுல்ல

அதனால இன்னிக்கே ஓட வைக்கணும்னு நினைக்கறவங்களுக்கு, கைவைத்தியக் குறிப்பு கொஞ்சம்:

1. கேமை ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல போடாதீங்க. விஸ்டாவிலேர்ந்து அங்க எழுத அனுமதி கெடுபிடி. சேவ் ஃபைல் வேற எங்கயோ போய் ஒளிஞ்சுக்கும். தனியா ஒரு ஃபோல்டர் போட்டுக்கோங்க.

2. ஃப்ரேம் வேகத்தை 60-ல கட்டுங்க. பாதி மர்ம நோய் இதுலயே குணமாகும்.

3. முதல்ல ரசிகர் பேட்ச், அப்புறம் மொழிபெயர்ப்பாளர் புரோகிராம், அதுக்கப்புறம்தான் அழகு மாட் எல்லாம். ஒவ்வொண்ணா போட்டு ஓட்டிப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டினா எது கடிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

4. 32 பிட் புரோகிராமுக்கு வழக்கமா 2 ஜிபிதான் கிடைக்கும். 64 பிட் விண்டோஸ்ல, 4 ஜிபி வரைக்கும் எடுத்துக்கோன்னு அந்த எக்ஸி ஃபைல்ல ஒரு சின்ன அடையாளத்தை மாத்தலாம். மாட் நிறைய போடறவங்களுக்கு இது உயிர் காக்கும்.

5. 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராம் ஓடாது. சில நேரம் கேம் நல்லாவே ஓடும், இன்ஸ்டாலர்தான் 16 பிட்டா இருந்து கழுத்தறுக்கும். இன்ஸ்டாலரைச் சுத்தி வழி இருக்கான்னு பாருங்க, உடனே கேமைத் திட்டாதீங்க.

6. ஓட ஆரம்பிச்சதும் அந்த ஃபோல்டரை அப்படியே, பேட்ச் ஃபைல்களோட சேர்த்து, ஒரு காப்பி எடுத்து வைங்க. பேட்ச் இருக்கற தளம் நாளைக்கு இருக்கும்னு நம்பி உட்காராதீங்க.

கடைசிக் குறிப்பு கேமுக்கு மட்டும் இல்லை. தமிழ்ல எழுதற நமக்கு இது தெரியாத வலியா? திஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு எழுத்துரு வெச்சு எழுதிக் குவிச்சோம். யூனிகோடு வந்ததும் அதெல்லாம் கொக்கி கொக்கியா தெரிய ஆரம்பிச்சது. காப்பாத்தினது யாரு? ராத்திரி கண் முழிச்சு எழுத்துரு மாற்றி எழுதின நம்ம ஆளுங்கதான். 2009-ல ஜியோசிட்டீஸ் மூடினப்போ, காப்பி எடுத்து வைக்காதவங்க எழுதினது எவ்வளவோ காத்தோட போச்சு. ஒரு எழுத்துரு கம்பெனியும் வந்து நம்ம பதிவை மாத்திக் கொடுக்கலை. கேம் ரசிகன் படற பாடும் இதுதான், சரக்கு மட்டும் வேற.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. விக்கறதை நிறுத்தறப்போ பூட்டைக் கழட்டிட்டுப் போங்க. எஞ்சினைப் பராமரிக்க ஆள் இல்லைன்னா சோர்ஸைத் திறங்க. அதுவும் முடியாதுன்னா, இலவசமா உழைக்கறவன் மேல வக்கீல் நோட்டீஸாவது விடாதீங்க. உங்க அலமாரியில ஓடாம கிடக்கற பழைய கேம் எது, எதை எப்படி ஓட வெச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. யாராவது ஒருத்தருக்குக் கண்டிப்பா உதவும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "அப்போ திருட்டுக் காப்பி சரின்னு சொல்றியா"ன்னு யாரும் கும்ம வேண்டாம். கடையில கிடைக்கறதைக் காசு கொடுத்து வாங்குங்க. கடையிலயே இல்லாததைப் பத்தித்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.